தண்ணீர் வேண்டாத கன்றுகள்

பெருமாயி என்னைப் பார்த்த முதல் நாளே திட்டினார். நான் ராமநாதபுரத்துக்காரன், பெயர் ஆல்பர்ட். தோட்டக்கலை வேலைக்காகக் கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த புதிது. அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த பலாக் கன்றுகளுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் ஒரு குடம் தண்ணீருக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். இங்கே குழாயில் கொட்டுகிறதே என்ற பேராசை.

வேலியோரம் நின்ற அந்த அம்மாள், "ஏனுங்க சார், அதுகளக் கொல்றதுக்கா சம்பளம் வாங்கறீங்க?" என்றார். பதினைந்து நாளில் அத்தனை கன்றும் வேர் அழுகிச் செத்தன. திண்ணனூர் நாடு என்கிற அந்த மலைப்பகுதி முழுக்க எனக்குத் 'தண்ணி சார்' என்று பெயர் விழுந்தது. விதைத்தது பெருமாயியேதான்.

அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தியில் பலா, நாவல், செண்பகம் என்று கன்று வளர்த்து விற்றுப் பிழைத்தார். ஆடிச் சாரலில் கன்றை நடுவார். ஆட்டுக்கு மறைப்பாக ஒரு முள்ளுக் கிளையைச் செருகுவார். அவ்வளவுதான், திரும்பிப் பார்க்க மாட்டார். மிச்சத்தை மழையும் மூடுபனியும் பார்த்துக்கொள்ளும். சும்மா சும்மா போய் நோண்டுகிறவன் கை விளங்காது என்பார். வாசலூர்பட்டி ஏரிக்குப் போகிற ரோட்டில் அவர் நட்ட பலா மரங்கள் இன்றைக்கும் காய்க்கின்றன. ஒன்றுக்கும் யாரும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியதில்லை.

அவருடைய தங்கை பானுமதி கீழே நகரத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஓடைக்கரையிலிருந்து கிளப்பப்பட்ட குடும்பங்களையெல்லாம் ஊருக்கு வெளியே அடுக்குமாடி கட்டிக் கொண்டுபோய் வைத்தார்களே, அப்படி ஓர் இடத்தில் மூன்றாவது மாடி. முந்நூறு வீடு, ஒரு மரம் கிடையாது. போன கோடையில் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்ற இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். ஒருவர் எழுந்திருக்கவில்லை. எதிரே ஒரு ஏக்கர் பொட்டல் கிடந்தது. அதைப் பூங்காவாக்கித் தாருங்கள் என்று பானுமதியும் இன்னும் நாலைந்து பெண்களும் மூன்று வருடம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார்கள். லாரி நிறுத்த இடம் வேண்டும் என்று வேறு சிலரும் அதே பொட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் அந்த அடுக்குமாடிகளுக்குப் பொறுப்பான இன்ஜினியர் ஒரு கணக்குச் சொன்னார். ஆடியில் அறுபது கன்று நட வேண்டும். தையில் வந்து எண்ணுவார். பாதி பிழைத்திருந்தால் பூங்கா, இல்லாவிட்டால் லாரி.

தங்கை கேட்டுவிட்டாள். பெருமாயி இருந்ததிலேயே நல்ல கன்றாக அறுபது பொறுக்கி, காசு வாங்காமல், மினி லாரியில் ஏற்றினார். மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி நானும் கூடப் போனேன்.

நட்டு முடித்ததும் பூங்குழலி என்ற கீழ்வீட்டுப் பெண், "தண்ணிக்கு என்னங்க பண்றது? நாலு நாளைக்கு ஒருக்கா வர்ற லாரியில ஊட்டுக்கு ஆறு குடம்தான்" என்றாள்.

பெருமாயி சிரித்தார். "தண்ணியெல்லாம் ஊத்தப்படாது கண்ணு. ஊத்துனா வேரு அழுகிப் போயிரும். நட்டாச்சு, உட்ருங்க. அது பாட்டுக்கு வரும்."

கூட்டத்துக்கு மூச்சு வந்தது. ஆறு குடத்தில் குடிக்கவா, குளிக்கவா, கன்றுக்கு ஊற்றவா என்று தவித்தவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? மலைக்காரம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார்கள்.

ஊற்றாவிட்டால் பிழைக்காது என்று எனக்குத் தெரியும். காலடியில் கிடந்தது மண்ணே இல்லை, கட்டட இடிபாடு. ஆடிக் காற்று உதட்டைக் காயவைத்தது. மழைக்கு இன்னும் இரண்டு மாதம். நான் சொல்ல வாயெடுத்தேன்.

"இந்தா இருக்காரு பாருங்க, தண்ணி சாரு! ஊத்தி ஊத்தியே கொன்னவரு" என்றார் பெருமாயி. எல்லோரும் சிரித்தார்கள். கன்றுகளுக்கு நம்பர் போட வந்திருந்த இன்ஜினியரும் சிரித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். பட்டால் தெரியும் என்று நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

ஆவணியில் பானுமதி போன் செய்தாள். இலை உதிர்கிறதாம். "பலா உதுத்துட்டுத்தான் துளுக்கும். கை வைக்காத சாமி" என்றார் அக்கா. யாரும் தண்ணீர் ஊற்றாதபடி தங்கை காவலே இருந்தாள். பூங்குழலி அரிசி கழுவிய தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றியதைப் பார்த்து, குடத்தைப் பிடுங்கிச் சண்டை போட்டாள். பூங்குழலி அதற்குப் பிறகு விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் ஊற்றினாள்.

புரட்டாசியில் நானும் பெருமாயியும் போய்ப் பார்த்தோம். ஐம்பத்து மூன்று குச்சிகள் நின்றன. பூங்குழலி வீட்டுப் பக்கத்தில் மட்டும் ஏழு கன்று பச்சையாக இருந்தது. பெருமாயி உட்கார்ந்து ஒரு குச்சியின் அடியைக் கையால் பறித்தார். கன்று வளர்ந்த பைக்குள் இருந்த மண் பை வடிவிலேயே இறுகிக் கிடந்தது. ஒரு வேர்கூட வெளியே வரவில்லை. உள்ளங்கையைத் தரையில் வைத்து வைத்து எடுத்தார்.

"மண்ணு சுடுதுங்க சார்" என்றார். மண் சுடும் என்று அவருக்குத் தெரியாது. தங்கை வீட்டுக்குத் தைப் பொங்கலுக்கு வந்து அடுத்த பஸ்ஸில் மலையேறிவிடுகிறவருக்கு எப்படித் தெரியும்?

பானுமதி கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "நீ சொன்னதத்தானக்கா கேட்டோம்" என்றாள்.

"இன்னொரு அறுபது கொண்டாரேன். இந்தத் தடவ ஊத்துவோம்."

"எண்ணுறது ஆடியில வச்சதத்தானாம். நம்பர் போட்டு போட்டோ புடிச்சுட்டுப் போயிருக்காங்க. நீ ஒண்ணும் கொண்டார வேண்டாம்."

தையில் நானும் பெருமாயியும் போயிருந்தபோது இன்ஜினியர் வந்து எண்ணினார். ஏழு. கெட்ட மனிதர் இல்லை, இரண்டாவது முறையும் எண்ணினார். அடுத்த மாதம் ஜல்லி கொட்டுவார்கள் என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். பெண்கள் ஒவ்வொருவராக மாடியேறிப் போனார்கள். பானுமதி அக்காவை வீட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை.

சேந்தமங்கலத்தில் மலை பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். பெருமாயி என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க கீழ்நாட்டு ஆளுதானுங்க. ஊத்தாட்டிச் செத்துப்போகும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாது" என்றேன்.

"படிச்ச உங்களுக்கே தெரியலீங்களே, எனக்கு எங்கீங்க தெரியும்" என்று சொல்லி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பஸ் வந்ததும், எனக்கும் ஓர் இடம் பிடிக்க முன்னால் ஓடினார்.