பெட்டியை உள்ளே வைக்கச் சொல்பவர்

கழுத்தில் தொங்கும் சிக்னல் மீட்டரும் கையில் கொம்பு போன்ற ஆன்டெனாவுமாகத் தூத்துக்குடி திரேஸ்புரத்துச் சந்துகளில் மொட்டைமாடிகளை அண்ணாந்து பார்த்தபடியே போகிறார் வெள்ளத்துரை. மீட்டரில் கோடு எகிறினால் நிற்பார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கதவைத் தட்டுவார்.

"கரண்டு ஆபீஸா?"

"இல்ல தாயி. மாடியில வைஃபை பெட்டி வச்சிருக்கியளா? அத உள்ள எடுத்து வச்சிருங்க. வெளிய வைக்கப்பிடாது."

துறைமுகத்துக்கும் ஊருக்கும் நடுவே கோபுரம் விட்டுக் கோபுரம் தகவல் அனுப்பும் ஒரு தனியார் நிறுவனத்தின் ஆள் அவர். அந்த அலைவரிசைக்கு நிறுவனம் உரிமம் வாங்கியிருக்கிறது. அதே அலைவரிசையைப் புதுரக வைஃபைப் பெட்டிகள் உரிமம் இல்லாமலே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அரசாங்கம் திறந்துவிட்டது. நிபந்தனை ஒன்றுதான்: பெட்டி வீட்டுக்குள் இருக்க வேண்டும். சுவரைத் தாண்டிக் கசிவது அற்பம். மாடியில் வைத்தாலோ கோபுரத்தின் காதுக்குள் போய்க் கத்தும். கத்தினால் வெள்ளத்துரையை அனுப்புவார்கள். அவருக்குச் சீருடை கிடையாது, அபராதம் போடும் அதிகாரம் கிடையாது. வாய் உண்டு.

வம்பெல்லாம் 'உள்ளே' என்ற சொல்லில்தான். டெல்லியில் உட்கார்ந்து அதை எழுதியவர்கள், பாதி வாழ்க்கையை மாடியில் நடத்தும் ஊரை நினைத்திருக்க மாட்டார்கள். பேபி என்ற மீன்கார அம்மாள் மாடியில் கவிழ்த்த பிளாஸ்டிக் வாளிக்குள் பெட்டியை வைத்திருந்தாள். "வாளிக்கு உள்ளதான அண்ணாச்சி இருக்கு?" என்று கேட்டாள். பெட்டியைக் கடலுக்கே கொண்டுபோன ஒருவர், "வல்லத்துக்கு உள்ளதான் வேய் இருக்கு, வந்து பாரும்" என்றார். வெள்ளத்துரை சண்டை போடுவதில்லை. காப்பி கொடுத்தால் குடிப்பார். மாடிக்கும் எட்டுகிற மாதிரி ஜன்னலோரமாக ஓர் இடம் பார்த்து, தானே ஆணியடித்து மாட்டிக் கொடுப்பார். "டவர்க்காரவுகளும் இருக்கணும், நீங்களும் இருக்கணும். கொஞ்சம் நவுந்துக்கிட்டா போதும்லா?" இந்த ஒரு பேச்சில் எத்தனையோ தெருக்கள் சமாதானமாகியிருக்கின்றன.

ஒரு வீட்டுக்கு முன்னால் மட்டும் ஆன்டெனாவைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பார். அது மகள் அனுசியாவின் வீடு.

வெள்ளத்துரை உடன்குடிப் பக்கத்துக்காரர், அம்மன் கோயில் கொடைக்குத் தவறாதவர். அனுசியா கட்டிக்கொண்டது கடற்கரைக் கத்தோலிக்கப் பையனை. கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் வந்து வாசலில் நின்றபோது, பிற்காலத்தில் ஊரையெல்லாம் உள்ளே வைக்கச் சொல்லப்போகும் வாய், "வெளிய நில்லு" என்றது. கொஞ்ச நேரம் நிற்கட்டும், பிறகு கூப்பிடலாம் என்பதுதான் அவர் கணக்கு. உள்ளே போய் வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார். வாசலில் ஆள் இல்லை. அதற்குப் பிறகு மகள் வீட்டில் ஒரு குழந்தை பிறந்து, பேசவும் கற்றுக்கொண்டுவிட்டது.

அவர் மனைவி சங்கரம்மாள் சாயங்காலம் ஆனால் அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு மகளோடு வீடியோவில் பேசுவாள், குரலைத் தாழ்த்தி. ஊரில் எந்த மூலையில் சிக்னல் கசிந்தாலும் பிடித்துவிடுகிறவருக்கு இது மட்டும் காதில் விழாது. ஒருநாள் படம் உறைந்து நின்று அவள் அலுத்துக்கொண்டாள். மறுநாள் கூடத்து வைஃபைப் பெட்டி அடுப்படி அலமாரியில் மாவு டப்பாவுக்கு மேலே இருந்தது.

"இது என்னத்துக்கு இங்கன?"

"அங்கன சூடாவுது."

அடுப்படியைவிடவா என்று அவள் கேட்கவில்லை.

போன வாரம் சங்கரம்மாள் தோசைக் கல்லைப் பார்த்துச் சொன்னாள்: "மாப்பிள்ளைக்கு மஸ்கட்ல வேலையாம். ஞாயித்துக்கிழமை எல்லாரும் போறாவ. இப்போதைக்குத் திரும்பி வரமாட்டாவளாம்."

"எந்த பிளைட்டாம்?"

"நீங்க பிளைட்டையா பாக்கப் போறீய?"

அவர் இன்னொரு தோசை கேட்டார். அந்த வாரம் திரேஸ்புரத்தில் அவருக்கு வேலை அதிகம் இருந்தது. மகள் வீட்டுத் தெரு முனைவரை போவார், ஏதோ மறந்தவர்போலத் திரும்பிவிடுவார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் புழக்கடையில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, அடுப்படிப் போனில் குழந்தை கேட்டது: "ஆச்சி, தாத்தா எங்க?"

சங்கரம்மாள் இந்தத் தடவை குரலைத் தாழ்த்தவில்லை. "இந்தா, பின்வாசல்லதான் நிக்காவ. வாறீயளா? பிள்ள கேக்கா."

வெள்ளத்துரை ஈரக் காலைத் துண்டால் துடைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு காலை அடுப்படிக்குள் எடுத்து வைத்தார். அந்த நேரம் பார்த்துப் படம் கட்டங்கட்டமாகச் சிதறியது. "தா... தா..." என்று குழந்தையின் குரல் விட்டு விட்டு வந்தது.

"நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு, இப்ப என்ன?" என்றாள் சங்கரம்மாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து அதன் வைஃபையை அணைத்தார். அந்த ஒரு போனால் படம் சிதறாது என்பது தூத்துக்குடியிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"இப்ப பேசுங்க, தெளிவா வரும்" என்று சொல்லி, எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.