மூன்றாம் வளைவைத் தாண்டாத வண்டி

சனிக்கிழமை, காலை 8.40. தேனி.

அல்லிநகரத்திலிருந்து புறப்படும்போது வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. சமதரையில் அது எப்போதும் நல்ல பிள்ளைதான். ஏழு வருடம் ஓடிய டீசல் கார். என் கைக்கு வந்து நாலு மாதம். ஒரே ஒரு சாலைக்காக வாங்கினேன். தேனியிலிருந்து கம்பம் நாற்பது கிலோமீட்டர், அங்கிருந்து மலையேறிக் கம்பம்மெட்டு பதின்மூன்று, அதற்கும் அப்பால் வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டம். அந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் என் மனைவி சாந்தி இரண்டு வருடமாக ஆசிரியை.

நாங்கள் பிரிந்துவிட்டோம் என்று யாரும் சொன்னதில்லை. பதினேழு வருடம் நான் வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றினேன், அவள் தேனியில் இருந்தாள். பிறகு அவள் மலைக்குப் போனாள், நான் தேனியில் இருக்கிறேன். மாடிக்குப் போனால் மேற்கே மலை தெரியும். மேகம் மூடிய நாட்களில் தெரியாது. அந்த நாட்களில்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இன்னும் ஐந்து வருடம் இருப்பீர்களா என்று பள்ளியில் அவளைக் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். "போன்ல பேசுற காரியம் இல்ல, நேர்ல வாங்க" என்றாள். போன இரண்டு சனிக்கிழமையும் கிளம்பினேன். இரண்டு முறையும் கம்பம்மெட்டுச் சாலையின் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டி வலுவிழந்தது, திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை அவள் குரலில் கோபம்கூட இல்லை. "இனிமே வர்றேன்னு சொல்லாதீக. வந்துட்டுச் சொல்லுங்க."

அதனால் இன்று சொல்லவில்லை.

9.05. புறவழிச்சாலை.

கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் ரம்யா என்ற பெண் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு வயரைச் செருகி, மடிக்கணினியை பானட்மேல் வைத்தார்.

"ஆக்ஸிலரேட்டர் மிதில மிஸ்மேட்ச் காட்டுது சார். இதுக்குப் புது சாஃப்ட்வேர் விட்ருக்காக. ஏத்திருவோம்."

"மிஸ்மேட்ச்னா?"

"மிதிக்குள்ள ரெண்டு சென்சார் இருக்கு சார். நீங்க எவ்வளவு அமுக்குறீகன்னு ரெண்டும் தனித்தனியாச் சொல்லணும். ரெண்டும் ஒன்னுபோலச் சொன்னாத்தான் வண்டி நம்பும். இல்லாட்டி ஒங்க காலையே நம்பாது."

போக வேண்டும் என்பதை ஒரே கால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. இதைக் கேட்டபிறகு காத்திருப்பு அறையில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வண்டி, பேட்டரியில் சார்ஜர் மாட்டிய நோயாளியாகப் படுத்திருந்தது. எண்பத்து நாலு சதவீதத்தில் இணையம் திணறியது. பையை எடுக்க வண்டிக் கதவருகே போனேன்.

"சார் சார், கதவத் தொடாதீக! பாதில நின்னுச்சுன்னா வண்டிக்குப் புத்தி பேதலிச்சிரும்."

பதினொன்றேகாலுக்கு நூறு சதவீதம். விளக்கு அணைந்திருந்தது.

11.20. கம்பம் சாலை.

வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம். மேற்கிலிருந்து சாரல்காற்று. வாழைத்தோப்புகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்தன. நடவு முடிந்த வயலில் தண்ணீர் மலையைத் தலைகீழாக வைத்திருந்தது. உத்தமபாளையத்தில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ. டீ ஆறும்வரை என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். இனி வராதீக என்றால் என்ன சொல்வது, இங்கேயே வந்துருங்க என்றால் என்ன சொல்வது. இரண்டாவதுக்குத்தான் பதில் கிடைக்கவில்லை.

12.50. மலையடிவாரம்.

இந்த முறை மூன்றாவது வளைவுவரைகூடப் போகவில்லை. முதல் வளைவில் காலை அழுத்தியதும் மஞ்சள் விளக்கு. வண்டி ஆளில்லாத மாடுபோல ஓரமாக நடக்க ஆரம்பித்தது. பின்னால் வந்த லாரிக்காரர் சாவதானமாகத் தலையை நீட்டி, "அண்ணே, வண்டிய நீங்க ஓட்டுறீகளா, வண்டி ஒங்கள ஓட்டுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நல்ல கேள்வி. இறக்கத்தில் உருட்டியே கம்பத்துக்குத் திரும்பினேன்.

1.30. கம்பம்.

கார் எலக்ட்ரீஷியன் சேவியருக்கு என் வயதுதான் இருக்கும். ராயப்பன்பட்டிக்காரர். கதை முழுவதையும் கேட்டார்.

"சாஃப்ட்வேர் ஏத்துனாகளா? அதான். பழசு கொஞ்சம் கண்டுங்காணாம விட்டுச்சு. புதுசு கறாரு. எங்க வீட்டுக்காரியும் போன வருசத்தோட அப்டேட் ஆயிட்டாண்ணே. முந்தி பத்துத் தப்பப் பொறுப்பா, இப்ப ஒன்னுக்கே வெளக்கு எரியுது."

மீட்டரை வைத்து வயர்வயராகத் தொட்டுப் பார்த்தார். மிதியை மெதுவாக அமுக்கச் சொன்னார். ஒரு எண் சீராக ஏறியது. இன்னொன்று பாதியில் தடுமாறியது. குனிந்து தரைவிரிப்பைத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

"இங்கன வந்து பாருங்கண்ணே."

மிதிக்குப் போகும் வயர்கள் இணையும் இடத்தில் நீலப்பச்சைப் பொடி பூத்திருந்தது. பாசியும் இல்லை, துருவும் இல்லை. நகத்தால் சுரண்டி விரல்நுனியில் வைத்துப் பார்த்தார்.

"மயில்துத்தம். இந்த வண்டி யாருட்ட வாங்குனீக?"

சுருளிப்பட்டி முத்தையாவிடம். திராட்சைத் தோட்டக்காரர். கொடியில் பூஞ்சை விழாமலிருக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து மாதம் பல தடவை அடிப்பார்கள். இலை, வேலி, அடிக்கிற ஆள் எல்லாம் நீலமாகிவிடும். சேவியர் சொல்லச் சொல்ல முத்தையாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் மோட்டார் ஓடும் சத்தத்தோடு அவர் வந்தார்.

"மருந்தடிச்ச கையோட ஏறியிருக்கேன், இல்லேங்கல. ஆனாச் செருப்புக் காலோட ஏறுனதே இல்லய்யா! பூசை போட்டு எடுத்த வண்டி. செருப்பக் கழட்டி, கால அலசிட்டுத்தான் ஏறுவேன்."

"எதுல அலசுவீக?" என்றார் சேவியர்.

"அங்கன மருந்து கலக்குற தொட்டிப் பக்கத்துல வாளி இருக்கும்ல, அதுல."

"பெரியவரே, நீங்க மரியாதை கெட்டுச் செருப்போட ஏறியிருந்தா இந்த மனுசன் மூனு வாரமா மலையடில நிக்க வேண்டியதில்ல."

மறுமுனையில் மோட்டாரை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "யாரப் பாக்கப் போறாரு?" என்று கேட்டார் முத்தையா.

"வீட்டுக்காரம்மாவ" என்றார் சேவியர்.

"அடடா. வெரசா முடிச்சு விடப்பா."

பச்சை பிடித்த இணைப்பை வெட்டி எறிந்து, புதிய முனைகளைப் பற்றவைத்து, ரப்பர் உறை போட்டு, தரையைத் தொடாத உயரத்தில் கட்டினார் சேவியர். இரண்டு மணி நேரம், அறுநூற்று ஐம்பது ரூபாய். இப்போது மிதியை அமுக்கினால் இரண்டு எண்களும் கைகோத்து ஏறின.

4.00. மலைச்சாலை.

முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவதில் என் கால்தான் தயங்கியது, வண்டி தயங்கவில்லை. கீழே பள்ளத்தாக்கு சதுரம் சதுரமாக விரிந்து மேகத்தில் மங்கியது. ஒவ்வொரு வளைவுக்கும் காற்று ஒரு பங்கு குளிர்ந்தது. கம்பம்மெட்டுச் சோதனைச்சாவடிக்கு அப்பால் கேரளம். டீக்கடைக்காரர், "சாயா எடுக்கட்டா?" என்றார். குடிக்க நேரமில்லை. ஏலக்காய் மணம் சன்னல்வழி ஏறிக்கொண்டது.

5.15. தோட்டம்.

சாந்தி வாசலில் நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வண்டி ஏறிருச்சாக்கும்."

"ஏறிருச்சு."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு சென்சார், எண்பத்து நாலு சதவீதம், மயில்துத்தம், முத்தையாவின் பக்தி. அந்த இடத்தில் சிரித்தாள். நான் உற்சாகமாகி வயரின் நிறம்வரை விவரித்தேன். முடிக்கும்வரை கேட்டுவிட்டு, சிவப்புப் பேனாவை மூடினாள்.

"தெனமும் காலைல கம்பத்துல இருந்து ஜீப்பு ஜீப்பா ஆள் வாராக. எங்கிட்டப் படிக்கிற பிள்ளைகளோட அப்பன் ஆத்தா எல்லாம் அதுலதான் வேலைக்கு வாராக. மழைன்னாலும் வாராக. மடியில பிள்ளைய வச்சுக்கிட்டு வாராக."

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"மூனு வாரமா வண்டிக்கு என்ன கோளாறுன்னு தேடுனீகளே" என்றாள். உள்ளே போய் இன்னொரு தம்ளர் எடுத்து வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை.

நாள் முழுக்கச் சாரல். ஏலச் செடிகளுக்கு நடுவே நடந்தோம். பள்ளியைக் காட்டினாள். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் மழைக்கு எந்த 'ல' என்று கேட்டதைச் சொன்னாள். ஐந்து வருடத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. வேண்டாத கேள்விகளையெல்லாம் கேட்டேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அட்டை கடிக்குமா. கடித்தது.

திங்கள், காலை 8.30.

படிவம் மேசைமேல் இருந்தது. ஐந்து என்ற இடத்தை அடித்து, ஒன்று என்று எழுதி, கையெழுத்திட்டு என் பக்கம் நகர்த்தினாள். படித்தேன். நகர்த்தித் திரும்பக் கொடுத்தேன்.

கார்ச் சாவியை அதன்மேல் வைத்தேன்.

"எனக்கு ஓட்டத் தெரியாதே."

"அதுக்குத்தான். வண்டி இங்கனயே நிக்கட்டும், இனி அதச் சாக்குச் சொல்ல முடியாது."

சாலைக்கு வந்தேன். ஆட்களை இறக்கிவிட்ட ஜீப்புகள் காலியாகக் கீழே இறங்குகிற நேரம். ஒன்று நின்றது. பின்பக்கப் பலகையில் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தால் போகிற ஊர் தெரியாது, விட்டு வருகிற இடம் மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை, பிறகு அதன் மேலிருந்த மேகம், பிறகு மேகம் மட்டும். தேனியில் இந்நேரம் வெயில் ஏறியிருக்கும், மாடியிலிருந்து பார்த்தால் இந்த இடம் ஒரு நீலக்கோடு.

"அண்ணே, இந்தப் பக்கம் புதுசா?" என்றார் ஓட்டுநர், கண்ணாடியில் என்னைப் பார்த்து.

"ஆமா. சனிக்கிழமை மேல வரணும். எடம் இருக்குமா?"

"ஆறரைக்குக் கம்பத்துல எடுத்துருவேன். ஒரு நிமிசம் நிக்க மாட்டேன். ஒங்களுக்கு எந்த ஊரு?"

"தேனி."

"அப்ப நாலரை பஸ்ஸுல ஏறணும். எந்திரிப்பீகளா?"

"எந்திரிப்பேன்" என்றேன்.