குண்டூசி இருந்த இடம்

என் மேசையின் வலது இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. உள்ளே முழுக்கத் துருப்பிடித்த குண்டூசிகள். அறுநூற்றுப் பதினான்கு. எதையும் எண்ணாமல் வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஒவ்வொன்றையும் நானே, என் கையால், காகிதம் கிழியாமல் உருவினேன். சில ஊசிகள் தாளோடு ஒட்டிப்போயிருந்தன. அவற்றை நகத்தால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. வேலை முடிந்த அன்று என் டைரியில் ‘ஊசிகள் முழுதும் அகற்றப்பட்டன. இனித் துரு பரவாது’ என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன். அந்த அடிக்கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தையே கிழித்துவிடலாமா என்று தோன்றும். டைரியில் பக்கம் கிழிக்கும் பழக்கமும் எனக்கு இல்லை.

அந்தக் காகிதங்கள் பேராசிரியருடையவை. செஞ்சிக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்து, கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் புவியியல் கற்பித்தவர். வாரம் முழுதும் அங்கே இருப்பார். சனிக்கிழமை இரவு ஊருக்கு வந்துவிடுவார். ஞாயிறு காலை, சுற்றுப்பட்ட ஊர்களில் ஏதாவது ஒன்றுக்கு பஸ் ஏறி, அங்குள்ள பாசனக் கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்துவிட்டு வருவார். யாரும் அவரை அளக்கச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் கால் ஒத்துழைத்தவரை போனார். நான் தாலுகா அலுவலகத்தில் பதிவறை எழுத்தராகச் சேர்ந்த புதிதில், கிராம வரைபடம் பார்க்க வேண்டுமென்று மனு எழுதிக்கொண்டு வந்தார். கேட்ட வரைபடத்தை நான் நான்கு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். அது அவருக்கு நம்ப முடியாத ஆச்சரியமாக இருந்திருக்கிறது. அன்றிலிருந்து நான் அவருக்கு ‘ரிக்கார்டு’ ஆனேன். “இன்னா ரிக்கார்டு, ஞாயித்துக்கெழம வூட்ல இன்னா பண்ணப் போற? கயிறு புடிக்க வரியா?” என்று கேட்டார். கல்யாணம் ஆகும்வரை, ஏறத்தாழ மூன்று வருடம், கயிறு பிடிக்கப் போனேன்.

அடிக்கு ஒரு முடிச்சும் ஐந்தடிக்கு ஒரு சிவப்புத் துணியும் கட்டிய கயிறு அது. நுனியில், கடையில் தேய்ந்து கழித்துப்போட்ட ஒரு கிலோ எடைப் படிக்கல். கல் தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டதும் நான் கயிற்றைக் கிணற்று விளிம்போடு அழுத்திப் பிடிப்பேன். அவர் முடிச்சுகளை எண்ணுவார். பழைய விடைத்தாள்களை இரண்டாக வெட்டி, எழுதாத பக்கத்தில் கிணற்றுக்காரர் பெயர், அளவு இரண்டை மட்டும் பென்சிலால் எழுதுவார். கை ஈரமாக இருக்கும்போது அதற்குமேல் எழுத மாட்டார். திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, டிக்கெட்டின் பின்பக்கத்தில் தேதி, ஊர், மழை, காற்று, யார் மோட்டார் போட்டிருந்தார்கள் என்பதெல்லாம் பொடி எழுத்தில் வரும். அன்றைய நாலைந்து தாள்களை அடுக்கி, டிக்கெட்டை மேலே வைத்து, இடது மூலையில் ஒரு குண்டூசி குத்துவார். ஒரு நாளுக்கு ஓர் ஊசி. அப்படியானால் என் டப்பாவில் இருப்பது அறுநூற்றுப் பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகள். “நாள் போடாத அளவு, போர்டு இல்லாத பஸ்ஸு மாதிரி ரிக்கார்டு. ஏறி குந்திக்கலாம். எங்க போவுதுன்னு எவனுக்கும் தெரியாது” என்று பஸ்ஸில் வைத்தே சொல்வார். இதை நான் ஒருமுறை அல்ல, பலமுறை கேட்டிருக்கிறேன். ஊசி டப்பாவை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்ததே நான்தான்.

அவர் இறந்து ஒரு மாதம் கழித்து, பெங்களூரில் இருக்கும் அவர் மகள் போன் செய்தார். வீடு கைமாறப்போகிறது, ஒரு வாரம்தான் இருக்கிறது. “அண்ணே, நைனாவோட பேப்பரே மூணு பீரோ இருக்குது. எனக்கு அதுல ஒண்ணும் புரியல. பழைய பேப்பர்காரனுக்குப் போடவும் மனசு வரல. நீங்க எடுத்துக்கிறீங்களா?” என்றார். அவர் மேல் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை. கேட்கவேண்டும் என்று தோன்றியதே பெரிது. ஒரு மினி லாரி பிடித்துப் பதினொரு அட்டைப்பெட்டிகளில் கொண்டுவந்து என் வீட்டு முன்னறையில் அடுக்கினேன். என் மனைவி பெட்டிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஆபீஸ்ல இருக்கிறது பத்தலியா?” என்று மட்டும் கேட்டாள்.

பிறகுதான் பல்கலைக்கழகத்துக்கு நடக்க ஆரம்பித்தேன். முப்பது வருடம் கற்பித்தவருடைய காகிதங்களை அவர் கற்பித்த இடம் வாங்கிக்கொள்ளும் என்று நினைத்தது தவறா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. நூலகத்தில், “புக்குன்னா எடுப்போம் சார். இது லூஸ் ஷீட். இதுக்கு நம்பர் போட ரூல் இல்ல” என்றார்கள். துறையில், தலைவர் மாறிவிட்டார், புதியவர் வரட்டும் என்றார்கள். புதியவர் வந்தார். அவர் நல்ல மனிதர். என் கண்ணெதிரிலேயே இரண்டு இடங்களுக்குப் போன் செய்தார். இரண்டு இடத்திலும் எடுக்கவில்லை. நிர்வாகக் கட்டடத்தின் பதிவறைக்கும் போனேன். அங்கே என்னைப் போலவே ஒருவர் இருந்தார். கணினியில் பெயரைத் தட்டி, “இருக்குதே சார், அவர் ரிக்கார்டு பத்திரமா இருக்குது” என்றார். எழுந்துபோய்க் கொண்டுவந்து காட்டினார். பென்ஷன் கோப்பும் விடுப்புக் கணக்கும். அவர் எந்தெந்த நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தார் என்பதை அந்தப் பல்கலைக்கழகம் பத்திரமாக வைத்திருக்கிறது. வாழ்நாளெல்லாம் அவர் எதை அளந்தார் என்பதை வைத்துக்கொள்ள அங்கே ஒரு அலமாரி இல்லை.

கடைசியில் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. காகிதங்களை ‘முறையாக ஒழுங்குபடுத்தி’ப் பட்டியல் அனுப்பினால் பரிசீலிப்பார்களாம். ஒழுங்குபடுத்துவது என் தொழில். கடிதத்தைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

பதிவறையில் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவது, ஊசியை எடு, துளை போடு, பச்சை நூலில் கோத்துக் கட்டு என்பது. கை தானாக அந்த வேலையில் இறங்கியது. ஊசிகளை உருவினேன். தாள்களை ஊர்வாரியாகப் பிரித்து, ஊருக்குள் கிணற்றுக்காரர் பெயரை அகரவரிசையில் அடுக்கினேன். ஒரு கிணற்றின் எல்லா அளவும் ஒரே கட்டில் இருந்தால் பார்ப்பவருக்கு வசதி என்று நினைத்தேன். டிக்கெட்டுகளில் ஒன்றைக்கூட எறியவில்லை. ஊர்வாரியாக, தேதிவாரியாக அடுக்கி, பிஸ்கட் டின்களில் போட்டு லேபிள் ஒட்டினேன். தாள்கள் ஓரிடத்தில், தேதிகள் ஓரிடத்தில். இரண்டும் கண்ணாடி மாதிரி சுத்தம். முதலில் எடுத்தது தொண்டூர்க் கட்டு. அவர் அதிக முறை போன ஊர் அது. அதனால் அதை மற்றவற்றைவிடக் கவனமாகச் செய்தேன். அலுவலகத்துத் துளையிடும் இயந்திரத்தைச் சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்து, தொண்டூர்த் தாள்கள், டிக்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் இடது மூலையில், ஊசி இருந்த இடத்திலேயே, துளை போட்டேன். கறையும் போயிற்று, கோக்கவும் வழியாயிற்று. திங்கட்கிழமை ஜமாபந்தி என்கிற வருடாந்தரக் கணக்குச் சரிபார்ப்பு தொடங்கிவிட்டதால் இயந்திரத்தைத் திரும்ப எடுத்துவர முடியவில்லை. மற்ற ஊர்களுக்குத் துளை போடாமல் நூலால் சுற்றி மட்டும் கட்டினேன். அது அப்போது எனக்கு ஒரு குறையாகப் பட்டது.

மூன்று பிரதி பட்டியல் அனுப்பிய பிறகு துறையிலிருந்து இருவர் பார்வையிட வந்தார்கள். காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மதியம் இரண்டரைக்கு, சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து வந்தார்கள். “கோட்டைய ஏறி எறங்கவே இவ்ளோ நேரம் ஆயிடுச்சு சார். இவ்ளோ தூரம் வந்துட்டு பாக்காம போவ முடியுமா?” என்றார் ஒருவர். மற்றவர் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டார். பெட்டிகளைப் பத்து நிமிடம் பார்த்தார்கள். “ரொம்ப நீட்டா வெச்சிருக்கீங்க” என்றார்கள். எலுமிச்சம்பழச் சாறு குடித்தார்கள். அத்தோடு சரி. அதற்குப் பிறகு நான் எழுதிய ஐந்து கடிதங்களின் நகல் என்னிடம் இருக்கிறது. பதில் ஒன்றும் இல்லை.

அடுத்த வருடம், ஆய்வாளர்களின் சொந்தக் காகிதங்களைச் சேகரிக்கும் ஓர் ஆவணக் காப்பகம் பற்றிக் கேள்விப்பட்டு எழுதினேன். ஒரே வாரத்தில் ஒரு பெண் வந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். கோட்டை எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, தரையில் உட்கார்ந்து, முதல் பெட்டியைத் திறந்தார். ஒரு டிக்கெட்டை எடுத்துத் திருப்பிப் படித்தார். பிறகு ஒரு தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“சார், இந்த டிக்கெட் எந்தத் தாளோட இருந்தது?”

நான் பட்டியலை நீட்டினேன். அதை மடியில் வைத்துக்கொண்டு, “இது நீங்க அடுக்கினதுக்கு அப்புறம் போட்டது. அதுக்கு முன்னாடி எப்படி இருந்ததுன்னு போட்டோ ஏதாவது எடுத்தீங்களா?” என்றார். என் முகத்தைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். “ஒருத்தர் ஒரு காகிதத்தை எது பக்கத்துல வெச்சாரோ, அதையும் அவர் எழுதினதாத்தான் சார் நாங்க எடுத்துக்குவோம்” என்று மெதுவாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே கிணற்றுக்கு என்னிடம் இருபது தாள்கள் இருக்கின்றன. ஒன்றில் ஒன்பது அடி, ஒன்றில் முப்பத்தொன்று. எது எந்த வருடம் என்று தாளில் இல்லை. அது டிக்கெட்டில் இருக்கிறது. எந்த டிக்கெட் என்பது ஊசிக்குத் தெரியும். போர்டு இல்லாத பஸ்களை வரிசையாக நிறுத்தி, போர்டுகளையெல்லாம் கழற்றி வேறொரு டின்னில் போட்டு லேபிள் ஒட்டி வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகம் இந்தக் காகிதங்களைத் தொடவே இல்லை. அதனால் அவற்றுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. கெடுத்தவன் நான்.

வழி காட்டியதும் அந்தப் பெண்தான். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து, மூலையில் இருந்த துருக்கறையைக் காட்டினார். ஓர் ஊசி இரண்டு இடத்தில் துளைக்கிறது. நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டின் நீளமும் சாய்வும் ஊசிக்கு ஊசி மாறும். ஒரே ஊசியில் இருந்த தாள்களிலும் டிக்கெட்டிலும் அது ஒன்றாக இருக்கும். “பொருத்திப் பாத்தா கெடைக்கும் சார். ஆனா எங்ககிட்ட இதுக்கு ஆள் இல்ல” என்றார். நான் செய்கிறேன் என்றேன். அடுத்த வருகையில், பொருத்தியதைத் தேதியோடு எடுத்துக்கொள்வதாகவும், மிச்சத்தை ‘நாள் தெரியாதவை’ என்று தனியாக வைப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது ஞாயிறுகளில், காலை வெளிச்சம் வந்ததும், ஜன்னல் கண்ணாடியில் தாளையும் டிக்கெட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதுதான் என் வேலை. அழுக்கு என்று நான் திட்டிய துரு அது. மூக்குக்கண்ணாடி மாற்றிவிட்டேன்; பவர் ஏறியிருக்கிறது. தளவானூர்க் கட்டு முடிந்துவிட்டது. மற்ற ஊர்களும் ஒவ்வொன்றாக வருகின்றன. இதுவரை இருநூற்று முப்பத்துமூன்று நாட்கள் மீண்டிருக்கின்றன. தொண்டூரில் மட்டும் ஒன்றுகூட இல்லை. அந்தத் தாள்களின் மூலையில் கறை இல்லை. சுத்தமான வட்டத் துளைதான் இருக்கிறது. கறை இருந்த காகிதப் பொட்டுகளை அன்றே இயந்திரத்திலிருந்து கொட்டிக் குப்பையில் போட்டேன்.

சென்ற மாதம் தொண்டூருக்கே போனேன். தாள்களின் நகலை எடுத்துக்கொண்டு, பெயர் இருந்த கிணற்றுக்காரர்களைத் தேடினேன். ஒருவருடைய மகன் மட்டும் கிடைத்தார். உங்கள் கிணறு எங்கே என்று கேட்டேன். “அது மேலதான் சார் நிக்கிறீங்க” என்று சிரித்தார். மூடி நிரவி, அதன்மேல் டிராக்டர் நிறுத்தியிருக்கிறார்கள். எந்த வருடம் தண்ணீர் பதினோரு அடியில் நின்றது, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டபோது, அவர் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். “கயித்துல கல்லு கட்டி வுடுவாரே, அவரா? எங்க நைனா இருந்தா சொல்லியிருப்பாரு சார். இப்ப போர்ல தண்ணி எங்க கீதுன்னே எங்களுக்குத் தெரியல. நீங்க அப்ப எங்க இருந்துச்சின்னு கேக்குறீங்க” என்றார். பிறகு, “அத வெச்சி இன்னா சார் பண்ணுவீங்க?” என்றார். உங்களுக்காகத்தான் அவர் அளந்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் கையில் கொடுக்க என்னிடம் ஒரு தேதி இல்லை.

மேசையில் இப்போது தொண்டூர் டின் திறந்திருக்கிறது. எண்பத்தேழு டிக்கெட்டுகள். அதில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பின்பக்கம் தேதி இருக்கிறது. அதன் கீழே அவருடைய பொடி எழுத்தில், ‘காற்று இல்லை. தெற்குக் கிணற்றில் படி இறங்கிக் குடிக்கலாம். ரிக்கார்டு குடித்தான்.’ அந்தத் தேதிக்கு என் டைரியை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து அன்றும் இதே போல் திருத்தமாகத்தான் இருக்கிறது. ‘ஞாயிறு. சாருடன் தொண்டூர். 7.10 பஸ். மதியம் புளிசாதம். திரும்பியது 5.40.’ கிளம்பிய நேரம், வந்த நேரம், தின்ற சோறு. ஆழம் இல்லை.

தெற்குக் கிணற்றுக்காரர் பெயர் உள்ள தாள்கள் பத்தொன்பதையும் எதிரே பரப்பி வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்று அந்த நாளுடையது. படியில் குனிந்து, இரண்டு கையாலும் அள்ளி, நான்தான் குடித்தேன். தண்ணீர் எத்தனையாவது அடியில் நின்றது என்று எனக்குத் தெரியாது. வலது இழுப்பறையில், டப்பாவுக்குள், அதைக் கோத்துவைத்திருந்த ஊசியும் இருக்கிறது. எந்த ஊசி என்பதும் தெரியாது.