மச்சானின் நல்ல காது

என் அக்காவின் கணவரைப் பற்றிச் சொல்லலாம் என்று உட்கார்ந்தால், என்னைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முதலில் அவரை அறிமுகப்படுத்திவிடுகிறேன். என் லட்சணம் பின்னால் தானாக வெளியே வரும்.

மச்சான் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். உலையிலிருந்து இறங்கிய பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடிவரும் பட்டைக்குப் பக்கத்தில் நின்று, விரிசல் விட்டதைப் பொறுக்கி எறிய வேண்டும். எறிந்தது இரும்புத் தொட்டியில் விழுந்து உடையும். எட்டு மணி நேரமும் அந்தச் சத்தம்தான். அதற்கு நடுவிலும் காலால் தாளம் போட்டுக்கொண்டு நிற்கிற ஒரே ஆள் அவர். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'இடி'.

ராக் இசை என்றால் அவருக்கு உயிர். பாட்டு வரிகளில் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. ஆனால் ஓர் எழுத்து பிசகாமல் கூடவே கத்துவார். "அர்த்தம் தெரிஞ்சா கெட்டுப் போயிடும் மாப்ளே" என்பார். போன கச்சேரிகளின் டிக்கெட் துண்டுகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, அலமாரியில் பத்திரங்களுக்கு மேலே வைத்திருக்கிறார். கறுப்பு டி-ஷர்ட் பதினாலு இருக்கிறது. அக்கா துவைத்துத் துவைத்து அதிலிருக்கும் மண்டையோடுகளுக்கெல்லாம் பல் போய்விட்டது.

கச்சேரி நாளில் கதவு திறக்க நாலு மணி நேரம் இருக்கும்போதே வரிசையில் நிற்பார். சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும், போனால் இடம் போய்விடும். அவருடைய இடம் மேடைக்கு இடது பக்கம், ஸ்பீக்கர் அடுக்குக்கு நேர் முன்னால், இரும்புத் தடுப்பை ஒட்டி. "நெஞ்சுல வந்து அடிக்கணும் மாப்ளே. அடிக்கலைன்னா அது கச்சேரி இல்ல, ரேடியோ."

அவர் எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த அன்று, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைக்குள்ளே கறுப்பு டி-ஷர்ட் நிழலாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தேன். எனக்குப் பிடித்த அதே இசைக்குழு! நேரே அடுப்படிக்குப் போய் அக்காவிடம், "ஆளு தங்கம்" என்றேன்.

"இன்னும் ரெண்டு வார்த்தைகூடப் பேசலையே, உனக்கு எப்படிடா தெரியும்?"

"தெரியும். நீ சரின்னு சொல்லு."

அதைச் சொல்லிக் காட்டியே பதினேழு வருடமாக என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். திட்டுவாளே தவிர, கச்சேரிக்குப் போகும் நாளில் எங்கள் இருவருக்கும் ரொட்டி சுற்றிக் கொடுப்பதும் அவள்தான்.

இனி என் கதை. நான் ஒரு மருத்துவமனையில் செவித்திறன் சோதிப்பவன். சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிடுவேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். என் கருவியிலிருந்து 'பீப்' என்று ஓர் ஒலி அனுப்புவேன். கேட்டால் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் என் பக்கம் ஒரு பச்சை விளக்கு எரியும். ஒலியைக் குறைத்துக்கொண்டே போவேன். எந்த இடத்தில் விளக்கு எரிவது நிற்கிறதோ, அதுவரைக்கும்தான் அந்தக் காது. இவ்வளவுதான் வேலை. இதில் ஒரே ஒரு விதி உண்டு: ஒலிகளுக்கு நடுவே விடும் இடைவெளி ஒரே மாதிரி இருக்கக் கூடாது. இருந்தால் உள்ளே இருப்பவர் கேட்காமலேயே கணக்குப் போட்டு அழுத்திவிடுவார். பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

பாட்டில் தொழிற்சாலை ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை எங்களிடம் வருவார்கள். எல்லாருக்கும் காதடைப்பான் கொடுத்துப் பிரசங்கம் செய்வேன். மச்சான் முன்வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். அடைப்பானைக் காதில் வைத்தால் பட்டையின் தாளம் தெரியாதாம். கச்சேரியில் வைத்துக்கொள்ளச் சொன்னபோது, "குடை பிடிச்சுக்கிட்டுக் குளிக்கிறவன நான் பாத்ததே இல்ல மாப்ளே" என்று கூட்டத்துக்கே கேட்கும்படி சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. அதற்குப் பிறகு அவரிடம் சொல்வதை விட்டுவிட்டேன். ஆனால் விளக்கு அணைந்து கூட்டம் கத்த ஆரம்பித்ததும், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, அவர் பார்க்காதபோது என் காதில் மட்டும் இரண்டு அடைப்பானைச் செருகிக்கொள்வேன். ஒவ்வொரு கச்சேரியிலும் அப்படித்தான் செய்தேன். என் காது இன்றைக்கும் கணீரென்று கேட்கிறது. இதை எழுதவே கூசுகிறது.

நாலு வருடம் மச்சானின் காதைச் சோதித்தேன். நாலு வருடமும் முடிவு பிரமாதம். "பச்சப் புள்ள காது மச்சான் உங்களுக்கு!" என்று காகிதத்தைத் தூக்கிக் காட்டினேன். மற்றவர்களிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். தொழிற்சாலைச் சத்தத்திலும் ஸ்பீக்கருக்கு முன்னாலும் பாதி ஆயுளைக் கழித்தவருக்குப் பச்சைப் பிள்ளையின் காது எப்படி வரும் என்று இந்த மரமண்டைக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அக்காவுக்குத் தோன்றியது.

முதலில் சாதாரணமாகக் கேட்டாள். "டேய், டிவிய அலற விடறாருடா. காது சரியாத்தான் இருக்கா?"

"பொண்டாட்டி பேசறது கேக்கலைன்னா அது காதுக் கோளாறு இல்லக்கா, கல்யாணக் கோளாறு" என்று சிரித்தேன்.

அடுத்த வருடம் மறுபடி கேட்டாள். குக்கர் விசில் அடிப்பது தெரியாமல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாராம். காகிதத்தை எடுத்துக் காட்டினேன். மூன்றாவது முறை கேட்டபோது அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. "பின்னாலேர்ந்து கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறாரு. எனக்கு பயமா இருக்கு. நெசமாவே ஒழுங்காப் பாத்தியாடா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பதினொரு வருஷமா இதே வேலை பாக்கறேன். நீ எனக்குச் சொல்லித் தராத. போய் உன் வேலையப் பாரு!" என்று கத்தினேன். அக்கா உள்ளே போய்விட்டாள். எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது, அதுதான் கேவலம்.

ஐந்தாவது வருடம் தொழிற்சாலை ஆட்கள் வந்த நாளில் எனக்குக் காய்ச்சல். புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருத்திதான் சோதித்தாள். மறுநாள் காலை நான் போனதும் தயங்கித் தயங்கி ஒரு காகிதத்தை நீட்டினாள். மச்சானுடையது. கோடு பாதியிலேயே கீழே இறங்கி, கீச்சென்ற ஒலிகள் இருக்கும் பக்கத்தில் அதலபாதாளத்துக்குப் போயிருந்தது.

"ஏம்மா, ஹெட்போன ஒழுங்கா மாட்டினியா? வேலை கத்துக்கிட்டு வந்தியா, இல்ல வேடிக்கை பாக்க வந்தியா?"

"ரெண்டு தடவ பாத்தேன் சார்."

மச்சானுக்கு ஆளனுப்பி வரவழைத்தேன். அவளைப் பக்கத்தில் நிற்க வைத்து, நானே சோதித்தேன். ஒலி அனுப்பினேன், விளக்கு எரிந்தது. குறைத்தேன், எரிந்தது. கீச்சென்ற ஒலிக்குப் போனேன். எல்லாவற்றுக்கும் எரிந்தது. "பாத்தியா?" என்று அவள் பக்கம் திரும்பினேன்.

அவள் விளக்கைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க காலப் பாருங்க."

என் வலது கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் இருவருக்கும் பிடித்த அந்த இசைக்குழு கச்சேரியைக் கடைசியில் எப்போதும் ஒரே பாட்டோடுதான் முடிக்கும். கிடாரெல்லாம் நின்றுவிடும். டிரம்ஸ் மட்டும் மெதுவாக ஓர் அடி, கொஞ்சம் விட்டு இரண்டு அடி. மறுபடி ஓர் அடி, விட்டு இரண்டு அடி. கூட்டம் மொத்தமும் அதற்குக் கைதட்டும். மச்சானும் நானும் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அதற்கு எத்தனை தடவை குதித்திருப்போம்! இத்தனை வருடமும் என் விரல் அந்தத் தாளத்தில்தான் ஒலி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. யாருக்கெல்லாம் அப்படி அனுப்பினேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். வேறு யாரும் அதைப் பிடித்திருக்க மாட்டார்கள். அந்தப் பாட்டைத் தூக்கத்தில்கூடத் தவறவிடாத ஒரே ஆள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்ச நேரம் ஒண்ணுமே அனுப்பாம இருங்க சார்" என்றாள்.

கையைக் கருவியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். காலையும் நிறுத்தினேன். உள்ளே மச்சான் கண்ணை மூடியிருந்தார். முகத்தில் லேசான சிரிப்பு. விளக்கு ஒரு தடவை எரிந்தது. கொஞ்சம் விட்டு இரண்டு தடவை எரிந்தது. மறுபடி ஒன்று, விட்டு இரண்டு. நான் ஓர் ஒலியும் அனுப்பவில்லை. அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

காது டாக்டர் ஐந்து காகிதங்களையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தார். "இது ஒரே வருஷத்துல போனது இல்லையே. மூணு வருஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா அந்தப் பட்டைப் பக்கத்துலேர்ந்து மாத்தியிருக்கலாம். மிச்சத்தக் காப்பாத்தியிருக்கலாம். இனிமே போனது போனதுதான்" என்றார். காதுக்குக் கருவி வைத்தால் பேச்சு ஓரளவு புரியும், இசை பழையபடி கேட்காது என்றும் சொன்னார். நாலு காகிதத்தின் அடியிலும் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். செவிட்டில் ஓர் அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "திடீர்னு வந்துருக்குக்கா. சில பேருக்கு இப்படி ஆகும்." அவள் என்னையே பார்த்தாள். பிறகு "சரி" என்றாள். இதைவிட மட்டமான பொய் என் வாழ்நாளில் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். காதுக் கருவி இன்னும் வந்து சேரவில்லை. மச்சான் கூடத்தில் பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு டிக்கெட் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தோளைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"மாப்ளே, உனக்கு ஒண்ணு சொல்லணும். உன் அக்காகிட்ட சொல்லிடாத" என்றார். ரகசியம் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நல்ல சத்தமாகவே பேசினார். அடுப்படியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "மொத வருஷமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நம்ம பாட்டுத் தாளத்துல நீ குடுக்கற. காது போச்சுன்னு தெரிஞ்சா வேலைய மாத்திடுவாங்க, உன் அக்கா கச்சேரிக்கும் விடமாட்டா. அதான் நீ எனக்காக இப்படிப் பண்றேன்னு தெரிஞ்சுக்கிட்டேன். கூடப் பொறந்தவன்கூட இவ்ளோ செய்ய மாட்டான்டா. அந்த நாலு வருஷம் நீ குடுத்தது."

கண் கலங்கியிருந்தது அவருக்கு. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சும்மா தலையை ஆட்டியிருக்கலாம். நல்ல பேரோடு எழுந்து வந்திருக்கலாம். உண்மையைச் சொல்கிறேன், ஒரு தடவை தலையை ஆட்டியும் விட்டேன். ஆனால் அவர் கை என் கையை விடவில்லை. அந்தச் சூடு எனக்குத் தாங்கவில்லை.

"இல்ல மச்சான்" என்றேன். "நான் வேணும்னு பண்ணல."

"என்ன?"

"வேணும்னு பண்ணல மச்சான். நான் கவனிக்கல."

"என்னடா முணுமுணுக்கற? கேக்கல." காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு என் வாயையே பார்த்தார். ஒரு தாளில் எழுதிக் காட்டியிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை. மூச்சை இழுத்துக் கத்தினேன்.

"நான் ஒழுங்கா பாக்கல மச்சான்! நாலு வருஷமும் ஒழுங்கா பாக்கல! என் தப்புதான்! திடீர்னு வரல, நான்தான் பாக்காம விட்டேன்!"

இந்த முறை அவருக்குக் கேட்டது. கையை விட்டுவிட்டார். அடுப்படியில் தண்ணீர் நின்றது.

அக்கா வாசற்படியில் வந்து நின்றாள். கையிலிருந்து சோப்புநுரை சொட்டிக்கொண்டிருந்தது. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு தடவ கேட்டேனேடா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மச்சான் அவள் நின்ற இடத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்லிட்டுப் போறா மாப்ளே?"

அதையும் நான்தான் அவருக்குக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.