வலப்பக்கம் கேட்காத மூச்சு

தட்டிக்கு அப்பாலிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது. இருமல் அல்ல, அழுகையும் அல்ல. கதவிடுக்கில் காற்று நுழைவது போன்ற மெல்லிய விசில்.

பாக்கியமேரி கஞ்சிக் குவளையை வைத்துவிட்டு எழுந்தாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அன்று பிற்பகல்தான் வந்திருந்தாள். உத்திரமேரூருக்குப் பக்கத்துச் சேரியில் கூலிக்கு நாற்று நட்ட ஐசக்கின் மகள் அவள்; இப்போது செங்கல்பட்டில் முதல் வருஷ நர்ஸ் படிப்பு. தாலியறுக்காமலே வெள்ளைச் சேலை உடுத்திய பெண் அந்தச் சேரியில் அவள் ஒருத்திதான்!

"அண்ணி, தானியேலுக்கு எப்பத்திலேர்ந்து இப்படிக் கீது?"

"நேத்திலேர்ந்து. மார்கழிப் பனிடி. கற்பூரம் தேச்சேன்."

அம்முலு நிமிரவில்லை. அவள் முன்னால் பண்ணை வீட்டு விதைக்கடலை மலைபோல் கிடந்தது. தண்ணீர் தெளித்துக் கடலை ஓட்டை நனைத்து, விரலால் அழுத்தி உடைத்துக்கொண்டிருந்தாள்.

அம்முலுவின் இரண்டு வயதுப் பிள்ளை தானியேலின் மார்பில் பாக்கியமேரி காதை வைத்தாள். இடப்பக்கம் மூச்சு வந்து போயிற்று. வலப்பக்கம் மேலே அந்த விசில். கீழே ஒன்றுமில்லை. ஆளில்லாத வீட்டுச் சுவரில் காது வைத்தது போல.

வகுப்பில் மாட்டிய படம் அவள் கண்ணுக்குள் எழுந்தது. இதயத்துக்கு இடம்விட்டு, இரண்டு மடலோடு ஒதுங்கி நிற்கும் இடது நுரையீரல். மூன்று மடலோடு பருத்த வலது. மூச்சுக்குழல் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரியும்போது இடக்கிளை சாய்ந்து விலகும். வலக்கிளையோ குட்டை, அகலம், கிட்டத்தட்ட செங்குத்து. தவறி உள்ளே போகும் பொருள் பெரும்பாலும் அங்கேதான் விழும்.

"இவன் இன்னா தின்னான் அண்ணி?"

"ஒண்ணும் தின்னல."

"பொரை ஏறிச்சா? மூஞ்சி கறுத்துச்சா?"

"இன்னாடி, போலீஸ்காரனாட்டம் கேட்டுக்கினு கீறே! நாலு எழுத்துப் படிச்சவதான் புள்ள வளக்கணுமா?"

சீறிய அம்முலு, உடைத்த பருப்பை ஓட்டுக் குவியலில் போட்டாள்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. பண்ணைக்காரரின் மனைவி ஆண்டாளம்மாள்! சேரிப்பக்கம் வராதவள், விதை என்றால் மட்டும் தினமும் வந்து வாசலுக்கு வெளியே நிற்பாள். விதைப்பருப்பில் ஒன்று வாயில் பட்டாலும் விளைச்சல் பாழ் என்பது அவள் நம்பிக்கை. அப்படிப் பட்டது தெரிந்தால் அந்த வீட்டுக்கு அதன்பின் பண்ணையில் வேலை இல்லை.

"எந்த மட்டுல கீது அம்முலு? இன்னா, உன் புள்ள விசிலடிக்கிறான்?"

"பனிம்மா…"

பாக்கியமேரி கடலைக் குவியலுக்குப் பக்கத்தில் குனிந்தாள். தெளிக்கிற தண்ணீர்ச் சட்டியில் நேற்றே விழுந்து கிடந்த ஒரு பருப்பை எடுத்தாள். ஊறி, தோல் வெடித்து, உப்பியிருந்தது. அதை அண்ணியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"பாத்துக்கோ அண்ணி. நெஞ்சுக்குள்ளயும் ஈரந்தான். அங்கயும் இப்படித்தான் உப்பும்."

அம்முலு அந்தப் பருப்பையே பார்த்தாள். பிறகு வாயில் அடித்துக்கொண்டு அலறினாள்.

"நேத்து அம்மா வாசல்ல வந்து நின்னப்போ வாயில ஒண்ணு வெச்சிக்கினு இருந்தான் மேரி! வேல பூடுமேன்னு வாயப் பொத்தி, முழுங்குடான்னேன். புள்ள நீலமாப் பூட்டான். அப்பறம் அழுதான். எறங்கிடிச்சின்னு நெனச்சேனே!"

முதுகில் தட்டப்போன அவள் கையைப் பாக்கியமேரி பிடித்துக்கொண்டாள்.

"தட்டாதே. பருப்பு பேந்து மேல வந்து அடைச்சிக்கினா ரெண்டு பக்கமும் நின்னுடும்."

பிள்ளையை நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

"அம்மா, கடைசி பஸ் பூடுச்சி. செங்கல்பட்டு போயி, அங்கேர்ந்து ரயில்ல பட்டணம் போவணும். குழாய் விட்டு எடுக்கற டாக்டரு அங்கதான் கீறாரு. ராத்திரி தாங்குமான்னு தெரியல. உங்க வண்டி வோணும்."

மூச்சுக்கு மூச்சு பிள்ளையின் விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்தது. ஆண்டாளம்மாள் அதையே பார்த்தாள்.

"வெதப் பருப்பா?"

"ஆமாம்மா," என்றாள் அம்முலு.

"வண்டிக்காரன் வேதகிரி வண்டி கட்டிக்கினு வருவான்." என்றாள் ஆண்டாளம்மாள். "மூட்டைய எடுத்துக்கினு போவ வேற ஆளு வரும். மிச்சத்த வேற வூட்ல ஒடைச்சிக்கறேன்."

அம்முலு தலையாட்டினாள். போகிற வேலையை நினைத்து அழ அவளுக்குக் கண்ணீர் மிச்சமில்லை.

ஆண்டாளம்மாள் இரண்டடி நடந்து திரும்பினாள். பனிக்காற்று பிள்ளையின் மேல் வீசியது. சேரிக் கதவைத் தொட்டறியாத அந்தக் கை, வாசல் தகரத்தை இழுத்துச் சாத்திவிட்டுப் போயிற்று.