முங்கிய வரப்பு

வேளாங்கண்ணியில் ஒரு தோட்டத்து மணலில் கல் பதித்து, சுற்றிச் சுற்றிப் போகும் பாதை போட்டிருக்கிறார்கள். பேசாமல் நடந்தால் மனசு அமைதியாகுமாம். அம்மாவை நிழலில் உட்காரவைத்துவிட்டு நடந்தேன். இரண்டாவது வளைவிலேயே எங்கள் வயல்வரப்பு வந்துவிட்டது, பாருங்கள்.

அப்போது நான் சின்னப் பையன். அன்றைக்கு வெள்ளத்தில் வயலும் வரப்பும் ஒன்றாய்க் கிடந்தன. "மொளகா அரச்சு வையி, மடையத் தொறந்துட்டு மீனோட வரேன்" என்று அம்மாவைச் சீண்டிவிட்டு அப்பா கிளம்பினார். முங்கிய வரப்பைக் காலால் தடவித் தடவிப் போனார். கூப்பிட வாயெடுத்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

"கூப்புடாதடா! திரும்புனா கால் தப்பிடும்."

அந்த முதுகு வரப்போடு வளைந்து வளைந்து போய்ச் சிறுத்தது. மழை இறங்கி மறைத்தது. மழை விட்டபோது தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

பாதையின் நடுவில் நின்று திரும்பினேன். அம்மா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.