ஒருக்களித்துப் படுக்கும் என் மகளுக்கு வாங்கிய மெத்தை

காலை ஐந்தே முக்கால் மணி. "அம்மா, வலது கை மரத்துப்போச்சு, பேனா பிடிக்க முடியல" என்று பிளஸ் டூ படிக்கும் என் மகள் அழுதாள். அன்று அவளுக்கு அரையாண்டுத் தேர்வு. ஒரு வாரமாகத் தோள் வலிக்கிறது என்றவளை, "எந்நேரமும் போனு, வலிக்காம என்ன செய்யும்?" என்று ஏசியிருந்தேன்.

நாங்கள் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே டாக்டரிடம் ஓடினோம். எதில், எப்படிப் படுப்பாள் என்று கேட்டார். புதிதாக வாங்கிய கெட்டியான ஸ்பிரிங் மெத்தையில், ஒருக்களித்து என்றேன். மல்லாந்து படுப்பவர்களுக்கு அது சரி, இவளுக்குத் தோள் கொஞ்சம் அமுங்கினால்தான் நரம்பு அழுந்தாது என்றார்.

ராஜபாளையத்தில் அதை வாங்கும்போது கடைக்கார பாய், "பிள்ளை படுத்துப் பாக்கட்டும்" என்று சொன்னார். "வயசுப் பிள்ளை, நாலு பேர் முன்னால படுக்கவா?" என்று என் கணவர் காதில் மட்டும் சொல்லித் தடுத்து, அவரைப் படுக்க வைத்தது நான்தான். மல்லாந்து படுத்துவிட்டு, "சும்மா ஜம்முனு இருக்கு" என்றார் அவர்.

மதியத்துக்குள் கை சரியானது. எழுதாத தேர்வு எழுதாததுதான். இப்போதெல்லாம் அவளுக்கான பொருளை அவளே பார்த்த பிறகுதான் வாங்குகிறோம்.

கடைக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னதும், தேர்வுக்கு மறுநாளே மாற்று மெத்தையோடு கடைக்கார பாயே வீட்டுக்கு வந்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்கல்லாம் செத்த நேரம் வெளிய நின்னுருப்போமேக்கா" என்றார்.